கிணற்று டைக்கின் பேரன்

பேரன் பிறந்து ஆறு நாளாகியும் டைக் ஃபோலன் தொட்டிலை ஒழுங்காக எட்டிப் பார்க்கவில்லை. பிள்ளை மேல் கோபமெல்லாம் இல்லை. பிள்ளைக்கு வரப்போகிற பேரின் மேல்தான் பயம்.

முதல் ஆண்பிள்ளைக்கு அப்பாவைப் பெற்றவர் பேர். அதுதான் அந்த ஊர் வழக்கம், யாரும் மீறியது கிடையாது. டைக்கின் தாத்தா டைக், அப்பா மார்டீன், இவர் டைக், இவர் மகன் மார்டீன். அடுத்தது என்ன என்று கொட்டிலில் கிடக்கிற கன்றுக்குட்டியைக் கேட்டாலும் சொல்லிவிடும்.

வேறு ஊரென்றால் இதில் ஒரு கஷ்டமும் இல்லை. இங்கே கடலைப் பார்த்து நிற்கிற முப்பது வீட்டில் இருபத்திரண்டு வீடு ஃபோலன் வீடு. டைக் ஃபோலன் மட்டும் நாலு பேர். கூப்பிட்டால் யார் திரும்புவது? அதனால் ஒருவர் செம்பட்டை டைக், ஒருவர் மேட்டு டைக், பால் வண்டி ஓட்டினவர் பால் டைக். இவர் கிணற்று டைக்.

கிணற்றில் விழுந்தது இவர் இல்லை, தாத்தா. ஊர்ப் புனிதக் கிணற்றை ஆசீர்வதிக்க ஆயர் வந்த அன்று, தாத்தா முன்வரிசையில் நின்று, தொப்பியைக் கழற்றி, மரியாதையாக ஓரடி பின்னால் வைத்தார். பின்னால்தான் கிணறு. நாலு பேர் கயிறு போட்டு இழுத்தார்கள். ஆயர் ஜெபத்தைப் பாதியில் நிறுத்திக் காத்துக்கொண்டிருந்தார். தாத்தா செத்து அறுபது வருஷமாகிறது. எலும்பு கூட இந்நேரம் மக்கியிருக்கும். பேரில் மட்டும் ஈரம் காயவில்லை. பேரைக் கொடுத்தபோது அதன் வாலில் கட்டியிருந்த கிணற்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் அவருக்கு வாளி என்று பட்டம். நாலு வருஷத்தோடு படிப்பை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். கல்யாணம் பேசப் போனபோது பெண்ணின் அப்பா ஏற இறங்கப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "தம்பி, நல்லாக் காஞ்சிட்டியா?" என்றுதான். எழுபத்தோரு வயசுக்கு இது போதும். தொட்டிலில் கிடப்பது கையளவு பிள்ளை, அதன் தலையிலும் கிணற்றைக் கவிழ்க்க வேண்டுமா?

என் பேரை வைக்காதே என்று மகனிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே என்றால், அதற்கு வழியில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் அப்படிச் சொன்னார். அப்பனுக்கும் மகனுக்கும் நிலத் தகராறு என்று ஞாயிறு பூசை முடிவதற்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. வக்கீல் எந்த ஊர்க்காரர் என்பது வரைக்கும் விவரமாகப் பேசிக்கொண்டார்கள். இன்னொன்று, கிணற்றுப் பேச்சை அவர் தன் வீட்டுக்குள் ஒருநாளும் எடுத்ததில்லை. மருமகள் கிரான்யா டப்ளின்காரி, வந்து மூன்று வருஷம். அவளுக்கு இது தெரியாது என்றே நம்பியிருந்தார். தன் வாயால் தெரியவைக்க அவருக்கு மனமில்லை.

ஏழாம் நாள் டப்ளினிலிருந்து கிரான்யாவின் தங்கை ஒரு புத்தகம் அனுப்பியிருந்தாள். ஆண்பிள்ளைப் பேர்கள், ஒவ்வொன்றுக்கும் அர்த்தத்தோடு. கிரான்யா தேநீர் மேஜையில் அதை விரித்துவைத்து, மாமனார் மனம் குளிரட்டும் என்று முதலில் அவர் பேரையே தேடி எடுத்தாள்.

"டைக்னா கவிஞன்னு போட்டிருக்கு மாமா."

"நான் எழுதுனதெல்லாம் ஆட்டு முதுகுல பூசுற சாயக் குறிதான். அதுவும் மழையில அழிஞ்சுபோகும்."

சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அச்சில் வந்ததை அவர் லேசில் நம்புகிறவர் இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் தன் பிள்ளைக்கு என்ன நினைத்துப் பேர் வைத்தான் என்று புத்தகம் எழுதினவனுக்கு எப்படித் தெரியும், இவன் போய்க் கேட்டானா என்று முனகினார். ஆனாலும் வேறு ஆயுதம் இல்லை. விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, அன்றைக்குச் சாயங்காலம் வரை படித்தார். ஆடுகள் வேலியில் வந்து கத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

இரவுச் சாப்பாட்டுக்கு மார்டீன் வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். டைக் என்கிற பேர் நல்ல பேர்தான், ஆனால் ஊரில் ஏற்கெனவே நாலு இருக்கிறது, தபால்காரன் பாவம் என்றார். மார்டீன் கையிலிருந்த சோடா ரொட்டியைத் தட்டில் வைத்தான். வழக்கத்தை மாற்றினால் ஊர் என்ன சொல்லும், உங்களை நான் அவமதித்ததாகத்தானே சொல்லும் என்றான்.

"என் பேரை நான் இன்னும் உபயோகிச்சுக்கிட்டுதான்டா இருக்கேன். செத்த பிறகு எடுத்துக்கங்க. இப்ப வேற பாப்போம்."

சரி, விளையாட்டாகத்தான் சொல்கிறார் என்று கிரான்யா புத்தகத்தை வாங்கிப் படிக்கத் தொடங்கினாள். காஹல், போரில் தலைவன். சண்டை போட இங்கே யார் இருக்கிறார்கள், எல்லாரும் பென்ஷன் வாங்குகிறார்கள் என்றார் டைக். லோர்கான், சின்ன முரடன். ஒரு முரடன் போதும், கொட்டிலில் கிடா இருக்கிறது. ஈ என்று ஒரு பேர், அர்த்தம் நெருப்பு. வைக்கோல் வைத்திருக்கிற வீட்டில் நெருப்பைக் கூப்பிடுவார்களா? கியரான், கருப்பன். தொட்டிலில் கிடப்பதற்குத் தலை கேரட் நிறம். கோலம், மாடப்புறா. டைக்கின் சித்தப்பா மகன் ஒருத்தன் கோலம், ஆட்டுச் சந்தையில் இரண்டு பேர் பல்லை உடைத்த புறா.

"ஃபேலான்னு ஒண்ணு அழகா இருக்கு. குட்டி ஓநாய்."

"அம்மாடி, ஆடு வளக்கிற வீடும்மா இது."

"அப்ப ஃபீக்ரா? அண்டங்காக்கா."

அண்டங்காக்கை பிறந்த ஆட்டுக்குட்டியின் கண்ணைக் கொத்துகிற சாதி. அதன் பேரை இந்த வீட்டில் சொல்லாதே என்று டைக் நிஜமாகவே முகம் சுளித்தார். மார்டீனுக்கு அலுப்புத் தட்டியது. உங்களுக்குத்தான் எதுவும் பிடிக்கவில்லையே, நீங்களே ஒன்று சொல்லுங்கள் என்றான். டைக் இதற்காகத்தான் பகல் முழுக்கக் காத்திருந்தார். புத்தகத்தை வாங்கி, மூலை மடித்துவைத்திருந்த பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்தார்.

"ரோனான். குட்டி சீல்னு போட்டிருக்கு, கடல்நாய். பாறை மேல படுத்துக்கிட்டு வெயில் காயுமே, அது. யாரையும் கடிக்காது. மீன்காரனுக்குத்தான் எதிரி, நமக்கென்ன? இவன் கண்ணையும் பாரு, அதே மாதிரி உருண்டை."

கிரான்யா சட்டென்று திரும்பி அடுப்பிலிருந்த கெட்டிலைப் பார்த்தாள். அது கொதிக்கவே இல்லை. அவள் தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. மார்டீன் அப்பாவின் முகத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். உங்களுக்கு நிஜமாகவே சம்மதமா என்று இரண்டு தரம் கேட்டான். சம்மதம் என்றார் டைக். அன்று ராத்திரி தொட்டிலருகே நாற்காலியைப் போட்டு, பேரனை முதல்முறையாக ஆற அமரப் பார்த்தார். தப்பிச்சிட்டேடா என்று காதோரம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். பாதிரியார் தலையில் தண்ணீர் ஊற்றினார். மற்றப் பிள்ளைகள் வீறிட்டு அழும். இவன் வாயைத் திறந்து தண்ணீரை நக்கிவிட்டு, இரண்டு கையையும் துடுப்பு மாதிரி அடித்தான். பெஞ்சுகளில் சிரிப்பு ஓடியது. பிள்ளை சமர்த்து என்று சிரிக்கிறார்கள் என நினைத்து டைக்கும் சிரித்தார்.

கோயில் வாசலில் தபால்கடை ஸைவ் நின்றுகொண்டிருந்தாள். டைக்கோடு ஒரே வகுப்பில் படித்தவள். ஊரில் எந்தச் செய்தியும் அவள் கடை வழியாகத்தான் போகும்.

"ரோனானா? உள்ள சொன்னது சரியாத்தான் காதுல விழுந்துச்சா?"

"ஆமா. என்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல வாளி. சீல்னுதானே அர்த்தம்? கிணத்து வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமா யாராலயும் பேர் தேட முடியாது. உன் பேரை வெச்சிருந்தா சும்மா வழக்கத்துக்குன்னு விட்டிருப்போம். இது வேணும்னே வெச்ச மாதிரி இருக்கு."

பக்கத்தில் நின்ற செம்பட்டை டைக் சிரித்த சிரிப்பில் பொய்ப்பல் நழுவ, அதைக் கையால் பிடித்துக்கொண்டார். கிணத்து ரோனான், கிணத்து ரோனான் என்று சுவர் ஓரம் நின்றவர்கள் வரைக்கும் பேர் போய்ச் சேர்ந்துவிட்டது. பாதிரியார் இன்னும் அங்கியைக் கூடக் கழற்றவில்லை.

டைக்குக்குக் காது சிவந்தது. புத்தகத்தில் நூறு பேர் இருந்தது. ஓநாய் இருந்தது, காக்கை இருந்தது, நெருப்பு இருந்தது. ஒரு பகல் முழுக்க விரல் தேயப் படித்து, தண்ணீரில் கிடக்கிற ஒரே பிராணியைத் தானே பொறுக்கி எடுத்திருக்கிறார். அச்சடித்ததை நம்பாதே என்று இத்தனை வருஷம் சொன்னவர் அவர்தான்.

கிரான்யா பிள்ளையோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றார் அவள் முகத்தைப் பார்க்காமல்.

"வந்த முதல் வாரமே தெரியும் மாமா. கடையில ரொட்டிப் பொட்டலத்து மேல கிணத்து வீடுன்னுதான் எழுதிக் குடுத்தாங்க. அன்னிக்கு நீங்க சீல்னு சொன்னப்ப வேணும்னேதான் சொல்றீங்கன்னு நினைச்சேன். நம்ம மாமாவுக்கு எவ்வளவு நையாண்டின்னு இவர்கிட்டகூடச் சொன்னேன்."

அவள் கேலி செய்யவில்லை. கண்ணில் பெருமைதான் இருந்தது. சுவர் ஓரம் நின்றவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள், அதாவது ஒரு நல்ல நகைச்சுவையைச் செய்துவிட்டு அமுக்கமாக நிற்கிற ஆளைப் பார்ப்பதுபோல. எழுபத்தோரு வருஷத்தில் கிணற்றுப் பேச்சில் அவரை யாரும் இப்படிப் பார்த்ததில்லை. இல்லை என்று மறுக்க வாயெடுத்தார். பிறகு யோசித்தார். மறுத்தால்தான் முட்டாள்.

பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு ஸைவ் பக்கம் திரும்பினார். அவர் வாயிலிருந்து கிணற்றுப் பேச்சு வந்தது அதுதான் முதல் தடவை.

"இவன் விழுந்தா தானே நீந்தி வந்துடுவான். எங்க தாத்தனுக்குத்தான் நாலு பேரும் ஒரு ஆயரும் வேண்டியிருந்துச்சு."