அறுபத்து நான்கு வோல்ட்

டிரான்ஸ்பார்மரிலிருந்து நீண்ட செம்புக் கம்பியின் முனையை மஞ்சுளா பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தாள். எனாமல் பூச்சு போய்ச் செம்பு பளபளத்ததும் கட்டில் பக்கம் நீட்டிக் காட்டினாள். அதில் படுத்திருந்த கணவர் தனபால் கண்ணாலேயே சரி என்றார்.

இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பி நான்கு நாளாகிறது. சேந்தமங்கலத்துக்கு வந்து படுத்ததும் அவர் முதலில் கேட்டது, தம்மம்பட்டிக் கந்தப்பன் திருப்பி அனுப்பியிருந்த பவர் சப்ளையைத்தான்.

கந்தப்பனின் மரச்சிற்ப மெஷினில் இருக்கும் சர்வோ மோட்டார்களுக்காக அவர் செய்தது அது. டிரான்ஸ்பார்மர் தருவது ஐம்பது வோல்ட் ஏசி. டிசி ஆக்கினால் எழுபது. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. ஆனால் வேகமாகச் சுற்றும் மோட்டார் சட்டென்று நிற்கும்போது டைனமோவைப் போல மின்சாரத்தைத் திருப்பித் தள்ளும். அதற்கு இடம் விட மறந்துவிட்டார். மோட்டாரை இயக்கும் டிரைவ் எண்பது வோல்ட் வரைதான் தாங்கும்; அது புகைந்துபோனது. இருபத்திரண்டு வருடத் தொழிலில் இப்படி நடந்தது இதுதான் முதல் தடவை. அதைச் செய்தபோதே மாத்திரை மயக்கத்தோடுதான் கணக்குப் போட்டார். அதைக் காரணமாகச் சொல்ல மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. கந்தப்பன் ஒரு வார்த்தை கோபிக்காதது வேறு அவரை உறுத்தியது.

கை தூக்க முடியாததால் அவர் சொல்லச் சொல்ல மஞ்சுளா செய்தாள். சுற்றுகளைக் குறைத்து நாற்பது வோல்ட்டுக்குக் கொண்டுவந்தாள். திரும்பி வரும் மின்சாரத்தைத் தேக்கிக்கொள்ளும் கெப்பாசிட்டரையும் பெரிதாக மாற்றினாள்.

"நிக்கறப்பதான் அம்மிணி அது திருப்பிக் குடுக்கும். வாங்கிக்க எடம் வேணும்."

"நானும் அப்படித்தானுங்க. பேசாதேன்னு சொல்லிப் பாருங்க, ரெண்டு வார்த்தை சேத்தித்தான் வரும்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலானது. வாயைத் துடைத்துவிட்டாள்.

"நிறுத்திப் பாத்து எத்தனைன்னு சொல்லு. அப்புறம் நான் தூங்கிக்கறேன்."

ஸ்டூலில் இறுக்கி வைத்திருந்த மோட்டாரின் தண்டில் ஓர் இரும்புச் சக்கரம் மாட்டியிருந்தது. சுவிட்சைப் போட்டாள். மீட்டர் முள் ஐம்பத்தாறில் நின்றது. மோட்டார் வேகமெடுத்து, அறை முழுக்க அதன் இரைச்சல் நிறைந்தது. கண்ணை முள்ளிலிருந்து எடுக்காமல் சட்டென்று நிறுத்தினாள்.

முள் துள்ளி ஏறியது. அறுபது. அறுபத்து நான்கு. அங்கே ஒரு கணம் நின்று, மெல்ல இறங்கியது. புது டிரைவைத் தொட்டுப் பார்த்தாள். சூடுகூட இல்லை.

இரைச்சல் அடங்கிய பிறகுதான் தெரிந்தது. நான்கு நாளாக அந்த அறையில் இழுத்துக்கொண்டிருந்த மூச்சுச் சத்தமும் கேட்கவில்லை.

அவர் நெஞ்சில் கையை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை. சமையலறையில் மகள் கனிஷ்கா அப்பாவுக்காகக் கஞ்சியை ஆற்றும் சத்தம் கேட்டது. மஞ்சுளா கூப்பிடவில்லை. கட்டில் ஓரமாக உட்கார்ந்து அவர் காதருகே குனிந்தாள்.

"அறுவத்தி நாலுங்க. அதுக்கு மேல போகலீங்க."

பிறகு எழுந்து, தன் பக்கம் பார்த்திருந்த மீட்டரை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.