மனைவி பேரில் ஒரு முட்டி வலி

முட்டி வலி என்று வாயைத் திறந்தால் போதும், தெருவே வைத்தியராகிவிடும். மருந்துக்கடைக்காரர் மாத்திரையை நீட்டுவார், பக்கத்து வீட்டம்மா வெந்நீர் ஒத்தடம் என்பார், எதிர்வீட்டுக்காரர் எண்ணெய்ப் புட்டியோடு வந்து நிற்பார். அந்த மூன்று பேருக்குமே முட்டி வலி இன்னும் போனபாடில்லை என்பது வேறு கதை.

டைல்ஸ்காரர் இத்தனையும் செய்து பார்த்தாயிற்று. அதுவும் 'என் மச்சானுக்கு வலி' என்று சொல்லித்தான். பாவம், வேறென்ன செய்வார்? நாள் முழுக்கத் தரையில் மண்டி போட்டு டைல்ஸ் பதிக்கிற பிழைப்பு. வலது முட்டி மடங்க மாட்டேன் என்கிறது என்று மேஸ்திரிக்குத் தெரிந்தால் சீட்டு கிழிந்துவிடும். போன வருஷம் ஒருத்தரை அப்படித்தான் வீட்டுக்கு அனுப்பினார்.

கடைத்தெருவில் பிசியோதெரபி பார்க்கும் பெண் ஒருத்தி இருந்தாள். பயிற்சி சொல்லிக்கொடுத்தே பலரை நடக்க வைத்த கைராசிக்காரி. ஆனால் அவள் அறை டைல்ஸ் கடைக்கு நேர் மேலே. கீழே கடை வாசலில் மேஸ்திரி டீயும் கையுமாக உட்கார்ந்திருப்பார்.

"நீ வந்து உனக்கு வலிக்குதுன்னு சொல்லு," என்றார் மனைவியிடம். "அவங்க சொல்ற பயிற்சியை நான் பக்கத்துல நின்னு கத்துக்கறேன்."

"எனக்கு நடிக்கத் தெரியும்னு யாரு சொன்னா?"

"என்கூட இத்தனை வருஷம் சந்தோஷமா இருக்கற மாதிரி நடிக்கல?"

அவள் சிரித்துத் தொலைத்தாள். காரியம் முடிந்தது. வலது காலை இழு, முட்டியைப் பிடி, 'அப்பா' என்று முனகு என்று கூடத்தில் ஒத்திகை நடந்தது.

மறுநாள் மேஸ்திரியே, "வீட்டம்மாவுக்கா? பாத்துக் கூட்டிட்டுப் போ," என்று வழிவிட்டார். மேலே அந்தப் பெண் வலது முட்டியில் கை வைக்கும் முன்பே மனைவி 'அப்பா' என்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க படியேறி வந்ததைப் பாத்தேன். ஒவ்வொரு படியிலயும் வலது காலைத்தான் முதல்ல ஊனுனீங்க. இடது கால் பின்னாடிதான் வந்துச்சு. வலிக்கிற காலை யாராவது முதல்ல ஊனுவாங்களா?"

நாடகம் கெட்டது என்று டைல்ஸ்காரருக்கு வியர்த்தது. அந்தப் பெண் இடது முட்டியை மெல்ல அழுத்தினாள். இப்போது 'அப்பா' வரவில்லை. மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு அவர் சட்டையை இறுகப் பிடித்தாள். கண் நிறைந்துவிட்டது.

"எத்தனை நாளாக்கா?"

"ரொம்ப நாளா. மொட்டை மாடிக்குத் துணி எடுத்துட்டு ஏறும்போது உயிரே போகும்."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?" என்றார் அவர்.

"நீங்களே முட்டியைப் பிடிச்சுக்கிட்டு, வேலை போயிடுமோன்னு பயந்து கிடக்கறீங்க. இதுல நானும் சேந்து புலம்பணுமா?" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த தம்பதியை அந்தப் பெண் மாறி மாறிப் பார்த்தாள். திட்டவில்லை, மகராசி. இன்னொரு பாயை விரித்தாள். "நீங்களும் படுங்கண்ணே. ரெண்டு பேருக்கும் சரி பண்ணலாம். ஆனா தினம் காலையில வரணும்."

தினம் காலையில் என்றால் மேஸ்திரியிடம் சொல்லாமல் முடியாது. தனக்கு மட்டும் என்றால் மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பார். பயிற்சி முடிந்ததும் மனைவியை மேலேயே உட்கார வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

"மேஸ்திரி, வலி எனக்கும்தான். மண்டி போட்டா எந்திரிக்க முடியல. காலையில கொஞ்சம் லேட்டா வருவேன். வேற ஆளைப் போடறதுன்னா போட்டுக்குங்க. நான் அவளைக் கூட்டிட்டு வந்தே ஆகணும்."

மேஸ்திரி டம்ளரைக் கீழே வைத்தார். "இதைச் சொல்ல இத்தனை நாளாய்யா? போன வருஷம் அவனும் சொல்லாம மறைச்சுத்தான் டைல்ஸோட விழுந்தான். அதான் அனுப்பினேன். நீ இனிமே சுவர் வேலையைப் பாரு, இடுப்பு உயரத்துக்கு மேல. கீழ் வரிசைக்கு வேற ஆளைப் போடறேன்."

டைல்ஸ்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். மறுபடி மாடிப்படி ஏறினார்.

மனைவி படியின் உச்சியில் நின்றுகொண்டிருந்தாள். "வேலை இருக்குன்னாரா?" என்றாள்.

"இருக்கு. நீ என்னைப் பிடிச்சுக்கிட்டு இறங்கு."

"உங்களுக்கு வலிக்கும்."

"வலிச்சா சொல்றேன். நீயும் சொல்லு."

அவள் தயங்கி, பிறகு முழு பாரத்தையும் அவர் தோளில் போட்டாள். முதல் படியிலேயே, "வலிக்குதுங்க," என்றாள். அதைக் கேட்டு யாராவது சந்தோஷப்படுவார்களா? அவர் பட்டார்.