பதினொரு தாய்மாரும் டார்லாவும்

1

இக்கதை எனக்குக் கிடைத்த இடம் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்து அரங்கு வாயில். ஆட்ட நாள்களில் அங்கே ஒரு மடிப்பு மேசை போட்டு, இருவர் அமர்ந்து நுழைவுச்சீட்டுக் கொடுப்போம். ஒருவர் நான். மற்றவர் பள்ளிப் பேருந்து ஓட்டும் டார்லா டோலஃப்சன். ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரம் ஆனபின் எவரும் வருவதில்லை. ஆயினும் மேசையை விட்டு எழுதல் ஆகாது. அத்தகைய வேளையொன்றில், பாப்கார்னைக் கொறித்துக்கொண்டே, டார்லா தம் மகளின் கல்லூரிக்குச் சென்றுவந்ததைச் சொன்னார். சொல்லி முடித்ததும், "நீங்க எழுதறவங்களாச்சே. இத எழுதிடாதீங்க" என்றார்.

பின்னர், பெயர்களை மாற்றினால் எழுதலாம் என்று இசைந்தார். மாற்றியுள்ளேன். டார்லா என்பது அவரே தெரிந்தெடுத்த பெயர். அவருக்குப் பிடிக்காத நாத்தனார் ஒருத்தியின் பெயராம்.

சொன்னவர் தாய். ஆயினும் இதனை மகளின் தோளருகே நின்று சொல்லவே விரும்புகிறேன். தவறு செய்தவள் அவள். அவள் மனத்தில் ஓடியவற்றை நான் புனைந்தேன். அவள் படித்துப் பார்த்து இரண்டிடங்களைத் திருத்தினாள். எவ்விரண்டு என்று சொல்லேன்.

2

முதல் தொடக்கம்:

பனி பொழிந்த ஒரு சனிக்கிழமைக் காலையில், நெடுந்தொலைவு காரோட்டி வந்த ஒரு தாய், வெள்ளைத் தூண்கள் தாங்கிய மாளிகையின் முன்னே நின்று

கைவிட்டேன். அன்று பனி பொழியவில்லை, வெறுந்தூறல். அன்றியும், இவ்வாறு தொடங்கினால் தாய் எளியவர், மாளிகை செல்வர்க்குரியது என்று வாசகர் முதல் வரியிலேயே முடிவு கட்டிவிடுவார். அதன்பின் நான் எழுத வேண்டிய தேவையே இராது.

இரண்டாம் தொடக்கம்:

மேரன் டோலஃப்சனுக்கு எழுத வரும்.

இது நிற்கட்டும். மேரன் பல்கலைக்கழகத்தில் இரண்டாமாண்டு மாணவி, எழுத்துக்கலை பயில்கிறாள். அவள் தங்கியிருப்பது சொராரிட்டி எனப்படும் மாணவியர் சங்க வீடொன்றில். மூன்று கிரேக்க எழுத்துகளே அச்சங்கத்தின் பெயர். அங்கு வாழும் பெண்கள் ஒருவரையொருவர் சகோதரி என்பர். (எவ்வெழுத்துகள் என்று எழுதினால் சங்கத் தலைமையகத்திலிருந்து மடல் வரும். ஆகவே எழுதவில்லை.)

ஆண்டுதோறும் ஏப்ரலில் அவ்வீட்டில் தாய்மார் சனிக்கிழமை நடைபெறும். காலை உணவின்போது இரண்டாமாண்டுப் பெண்கள் குடும்பப் பெயரின் ஆங்கில அகரவரிசைப்படி ஒவ்வொருவராக எழுந்து, தம் தாயைப் பற்றிச் சிற்றுரை வாசித்து, அவர் மார்பில் ஒரு கார்னேஷன் மலரைக் குத்துவர். கேட்போர் கைதட்டுவதில்லை; விரல் சொடுக்குவர். அவ்வாண்டு வாசிக்க வேண்டியவர்கள் பன்னிருவர். அவ்வரிசையில் டோலஃப்சன் என்னும் பெயர் கடைசி.

3

விழாவுக்குப் பொறுப்பேற்றிருந்த ஸ்லோன் அபர்நாத்தி, மேரனைத் துணி துவைக்கும் அறையில் பிடித்தாள்.

"ஏய், நீ எழுத்துதானே படிக்கறே? எங்கம்மாவப் பத்தி ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணு எழுதிக் குடேன்."

"உங்கம்மா எப்படி?"

"எப்படின்னா? அவங்கதான் என்னோட பெஸ்ட் ஃப்ரெண்ட்."

"அப்புறம்?"

"எனக்கு எல்லாமே அவங்கதான்."

"ஏதாவது நடந்தத சொல்லு ஸ்லோன். ஒரு நாள் என்ன செஞ்சாங்க?"

ஸ்லோன் உலர்த்தும் இயந்திரத்தின்மீது சாய்ந்து உண்மையாகவே சிந்தித்தாள். "ஒரு நாளுன்னு தனியா இல்லடி. எல்லா நாளும்தான்." பிறகு, "இந்த செமஸ்டர் முழுக்க நீ பாத்ரூம் கழுவ வேணாம். நான் பாத்துக்கறேன்" என்றாள்.

செய்தி பரவிற்று. இன்னும் ஒன்பது பேர் வந்தனர். ஒவ்வொருத்தியிடமும் மேரன் அதே வினாவை வினவினாள். ஒவ்வொருத்தியும் அதே இரண்டு வாக்கியங்களை விடையாகத் தந்தாள். அவர்கள் தாயன்பு இல்லாதவர்கள் அல்லர். ஒருத்தி சொல்லும்போதே கண் கலங்கினாள். அன்பு இருந்தது, விவரம் இல்லை. மேரனின் ஆசிரியரோ, எந்தக் கட்டுரையைக் கொடுத்தாலும் ஓரத்தில் ஒன்றையே எழுதுபவர்: "இது எவருடைய தாயாகவும் இருக்கலாம்."

எனவே மேரன், தனக்கு விவரமாகத் தெரிந்த ஒரே தாயை எடுத்துக்கொண்டாள்.

4

டார்லாவைப் பின்வருமாறு பங்கிட்டாள்.

மேரன் சிறுமியாயிருந்தபோது, பள்ளியில் படம் எடுக்கும் நாளுக்கு முதல் நாள், டார்லா சமையற்கத்தரியால் அவள் நெற்றிமுடியை வெட்டினார். கோணிற்று. மகள் அழுதாள். டார்லா கண்ணாடி முன் நின்று தம் நெற்றிமுடியையும் அதே கோணலாக வெட்டிக்கொண்டார். இது ஸ்லோனின் தாய்க்கு.

இசைப்போட்டிக்குச் செல்லும் நாளில் மேரன் தன் கிளாரினெட் குழலை மறந்து வந்துவிட்டாள். டார்லா பேருந்தை, அதனுள் இருந்த பிள்ளைகளோடு, நடுவழியில் திருப்பி வீட்டிற்கு ஓட்டினார். பள்ளி அவருக்கு எச்சரிக்கை கொடுத்தது. இது வேறொரு சகோதரியின் தாய்க்கு. பேருந்து வெள்ளைக் காராயிற்று, கிளாரினெட் பாலேக் காலணியாயிற்று.

எஞ்சியவற்றையும் இவ்வாறே. (அனைத்தையும் இங்கு எழுதினால், மேரன் செய்ததையே நானும் செய்தவன் ஆவேன். இரண்டை எழுதியதில் ஏற்கெனவே ஆகிவிட்டேன்.)

இவ்விடத்தில் மேரன்மீது எனக்கு ஐயம் எழுகிறது. அவள் ஏன் மறுக்கவில்லை? கழிவறை கழுவாமல் தப்புவதற்காக என்று சொன்னால் போதாது. அவ்வீட்டில் எவரேனும் "உங்கம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டால், அவள் "போக்குவரத்துத் துறையில இருக்காங்க" என்றே சொல்லிவந்தாள். அவ்விடை பொய்யும் அன்று. தன் வாயால் சொல்லக் கூசிய தாயை, பிறர் வாயால் அவையில் சொல்லக் கேட்டு மகிழ விரும்பினாளோ என்று ஒரு வாக்கியம் எழுதி, அடித்துவிட்டேன். அடித்ததை விட்டு வைத்திருக்கிறேன், நீங்கள் படித்தும்விட்டீர்கள்.

ஒன்றை மட்டும் அவள் எவருக்கும் கொடுக்கவில்லை. கல்லூரிக்கு வந்த முதலாண்டில், ஒரு பிற்பகல், தனிமை தாங்காமல் வீட்டிற்குத் தொலைபேசினாள். டார்லா அப்போது பேருந்தைக் கொட்டகைக்குள் விட்டுக்கொண்டிருந்தார். மேரன் பேசாமல் அழுதாள். மறுமுனையில், பின்னோக்கி நகரும் வண்டியின் பீப் ஒலி மட்டும் கேட்டது. நெடுநேரங்கழித்து டார்லா, "நீ அழு. நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். வண்டியப் பின்னால எடுக்கறேன், அவ்வளவுதான்" என்றார். வண்டி எப்போதோ உள்ளே நின்றுவிட்டதென்றும், மகள் ஓயும்வரை அவர் அதனை முன்னும் பின்னுமாக நகர்த்திக்கொண்டிருந்தாரென்றும் மேரன் பின்னர் தந்தை வாயிலாக அறிந்தாள்.

இதனைத் தன் உரைக்கென வைத்திருந்தாள்.

5

சனிக்கிழமைக் காலை, மேரன் காதணி அணிந்துகொண்டிருக்கையில், அறைத்தோழி பெய்ஸ்லி சண்ட்குவிஸ்ட் குளியலறையிலிருந்து கையில் ஒரு தாளுடன் வெளியே வந்தாள். அவள் ஒருத்திதான் தன் உரையைத் தானே எழுதுவேன் என்றிருந்தவள். தாளில் ஒரு வரி இருந்தது.

"இதுக்கு மேல வரலடி."

மேரன் வாங்கிப் பார்த்தாள். *எனக்கு எல்லாமே என் அம்மாதான்.*

"அப்பா பிரிஞ்சு போனதுக்கப்புறம் அம்மா தனியா வர்றது இதான் மொத தடவ" என்றாள் பெய்ஸ்லி. "இந்த ஒரு வரியப் படிச்சுட்டு உக்காந்தா அவங்க மூஞ்சிய எப்படிப் பாக்கறது?"

"போன்ல பேசிப்பீங்களே, அதப் பத்தி ஏதாவது…"

"நான்தான் பேசுவேன். அவங்களுக்கு எப்பவும் வேல."

இங்கே மேரன் சற்று நேரம் வாளாவிருந்தாள் என்று எழுத வேண்டும். நீண்ட பத்தியொன்று எழுதியும் பார்த்தேன். அதில் அவள் நல்லவளாகிக்கொண்டே போனாள். நடந்தது இதுதான்: இரண்டாம் காதணியை அணியாமலே மேசையில் அமர்ந்தாள், தன் உரையிலிருந்த பேருந்தைக் காராக்கினாள், கொட்டகையைக் கார் நிறுத்துமிடமாக்கினாள், பெய்ஸ்லியிடம் கொடுத்தாள். தனக்கு வேறு எழுத நேரமில்லை. வாயில்மணி ஒலித்தது, தாய்மார் வரத் தொடங்கியிருந்தனர்.

6

டார்லா தம் தேவாலய உடையில் வந்திருந்தார். மேரனும் அவரும் பெய்ஸ்லியோடும் பெய்ஸ்லியின் தாயோடும் ஒரே மேசையில் அமர்ந்தனர். முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்டது தட்டில் இருந்தது. ஸ்லோன் எழுந்தாள்.

வாசித்தாள். கத்தரி வந்தது, கோணல் வந்தது, கண்ணாடி முன் நின்ற தாய் வந்தார். ஸ்லோனின் தாயுடைய முடி, என்றும் கோணியிராதது. அவர் கை தானாக நெற்றிக்குச் சென்றது.

"அந்தக் கோணல் முடியோட ரெண்டு பேரும் சர்ச்சுக்குப் போனோமே, ஞாபகம் இருக்காடி?" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இருக்கும்மா" என்றாள் ஸ்லோன்.

தேவாலயம், மேரன் எழுதியதன்று.

அடுத்தடுத்து எழுந்தனர். ஒவ்வொரு தாயும் அழுதார். ஒவ்வொரு தாயும், செய்யாததை நினைவுகூர்ந்தார். விரல்கள் சொடுக்கின. டார்லா உண்டுகொண்டிருந்தார். பாலேக் காலணிக்காக வெள்ளைக் கார் நடுவழியில் திரும்பியபோது முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"இந்தப் பொண்ணோட அம்மாவும் வண்டியத் திருப்பினாங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

"ம்."

"அவங்களுக்கு எச்சரிக்க குடுத்தாங்களாமா?"

"அம்மா…"

"சும்மா கேட்டேன். சாப்பிடு, ஆறிடும்."

இப்போது மேரனுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது: தன் முறை வருமுன், இத்தாய்க்கென்று சொல்ல ஏதேனும் ஒன்று தன்னிடம் எஞ்சியிருக்க வேண்டும். தேடினாள். எதைத் தொட்டாலும் அது எவருடைய மேசையிலேனும் வாசிக்கப்பட்டிருந்தது.

பெய்ஸ்லி எழுந்தாள்.

மகள் அழைத்தாள், தாய் கேட்டுக்கொண்டிருந்தார், கார் பின்னோக்கி நகர்ந்தது. பெய்ஸ்லி முடித்துவிட்டு மலரை எடுத்தாள். அவள் தாய் மலர் குத்தத் திரும்பவில்லை. தட்டைப் பார்த்தவாறே, மேசையில் உள்ளோர்க்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார்:

"நான் அப்படிச் செய்யலியேடி. நீ அழுதப்போல்லாம் நான் போனையே எடுக்கல."

பெய்ஸ்லி மலரும் ஊசியுமாக நின்றாள். மேரன் தன் தாயைப் பார்க்கத் துணியவில்லை.

டார்லா, கைத்துணியால் வாயைத் துடைத்தார். "எடுத்திருப்பீங்க" என்றார். "வண்டி ஓட்டறப்போ எடுக்கறதெல்லாம் நினைவுல நிக்காது. எனக்கும் அப்படித்தான். குத்திக்குங்க, பொண்ணு நிக்கறா பாருங்க."

அவ்வம்மையார் டார்லாவை நெடிது நோக்கினார். பின்பு மகள் பக்கம் திரும்பினார். மலர் குத்தப்பட்டது. விரல்கள் சொடுக்கின.

"மேரன் டோலஃப்சன்" என்று ஸ்லோன் அழைத்தாள்.

7

முதல் முடிவு. மேரன் எழுந்து, காலையிலிருந்து வாசிக்கப்பட்ட அனைத்தும் தன் தாயினுடையவை என்று அவையறியச் சொல்கிறாள். இதனை எழுதி முடித்தேன், நன்றாகவும் இருந்தது. ஆனால், பதினொரு தாய்மார் மலர் குத்திக்கொண்டு அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய முகங்களை அடுத்த பத்தியில் என்ன செய்வது என்று தெரியவில்லை. சற்று முன்னர் டார்லா தம் கையாலேயே கொடுத்ததை மகள் பிடுங்குவதாகவும் ஆகும். நீக்கினேன்.

இரண்டாம் முடிவு. மேரன் சொல்லின்றி நிற்க, டார்லா எழுந்து அவளை அணைத்துக்

டார்லா அத்தகையவர் அல்லர். படித்தால் இனி என்னோடு ஒரே மேசையில் உட்காரமாட்டார்.

மூன்றாம் முடிவு உண்மையில் நடந்தது. அதனை அறிந்தவர்கள் அந்த அறையில் இருந்தவர்கள். எனக்குத் தெரிந்தவர்கள் அவருள் இருவரே. மேரனுக்குத் தொலைபேசினேன்.

"அம்மா சொல்லலியா?" என்றாள்.

"இல்ல."

"அப்போ நானும் சொல்ல மாட்டேன். அது இப்போ என்னோடது இல்ல."

கேக் தட்டைத் திருப்பித் தர டார்லா என் வீட்டுக்கு வந்தபோது, வாயிலிலேயே நிறுத்திக் கேட்டேன்.

"உங்க பொண்ணு எழுந்து நின்னு என்னதான் சொன்னா?"

"சொன்னா."

"அதான், என்ன?"

"நீளமா இல்ல." காரின் சாவியைக் கைமாற்றிக்கொண்டார். "யாரும் சொடுக்கல. சொடுக்கறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல."

"கதை அதுலதான் முடியணும், டார்லா."

"முடியட்டுமே. மத்ததெல்லாம் அவ ஊருக்கெல்லாம் பிச்சுப் பிச்சுக் குடுத்தா. கடைசி ஒண்ண நானும் சேர்ந்துதான் குடுத்தேன். யாருக்காவது ஆச்சுல்ல, நல்லதுதான். இது எனக்குன்னு சொன்னது. உங்களுக்குக் குடுக்க மாட்டேன்."

அவர் சென்றபின் வெகுநேரம் எழுத முயன்றேன். என்னால் எழுத இயன்றவை அனைத்தும் எவருடைய தாய்க்கும் பொருந்துவனவாகவே இருந்தன. ஆதலின், கீழே முடியாமல் நிற்கும் வாக்கியத்தை உங்களிடம் ஒப்படைக்கிறேன். முடிக்க விரும்பினால் முடியுங்கள். ஆனால் டார்லாவிடமிருந்து எதையும் எடுக்காதீர்கள். உங்களிடம் உள்ளதிலிருந்து எடுங்கள். முடித்தபின் என்னிடம் காட்டவும் வேண்டாம்.

மேரன் எழுந்தாள். கையில் தாள் இல்லை. அவையைப் பாராமல், அமர்ந்திருந்த தாயின் பக்கமாகத் திரும்பிச் சொன்னாள்:

"அம்மா,