ஓரத்துக்கு ஓடிய ரேகை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அந்தப் பொய்யை வாயால் சொல்லவில்லை, உப்புத்தாளால் தேய்த்தேன். அது பிறகு. முதலில் தொடக்கம்.

"அண்ணனுக்கு மரமென்றால் உயிர்." (வேண்டாம். எல்லா அண்ணன்களுக்கும் எதிலாவது உயிர்தான்.)

"ஞாயிறன்று வில்வித்தைத் தேர்வுப் போட்டி. வெள்ளிவரை தங்கச்சியிடம் வில் இல்லை." இது பரவாயில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறது.

2

அண்ணன் அலமாரி செய்கிற தச்சன். பட்டறையில் தங்கச்சிக்காக வில் செய்துகொண்டிருந்தான். மெல்லிய பட்டைகளாகச் சீவிய மரத்தை அடுக்கி, பசை தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கினால் வில். நடுவில் மூங்கில், உட்பக்கம் வால்நட் மரம். அவற்றில் தகராறில்லை. இலக்கைப் பார்த்திருக்கும் வெளிப்பட்டைதான் தலைவலி. நாணை இழுத்தால் வலியெல்லாம் அதற்குத்தான்.

மேசைமேல் இரண்டு மேப்பிள் பட்டைகள். ஒன்றில் மரத்தின் ரேகைகள் முனைக்கு முனை நூல் பிடித்ததுபோல ஓடின. பார்க்க வெறும் ஸ்கேல். மற்றதில் ரேகை அலையலையாக, தடவிக்கொண்டே இருக்கலாம்போல. ஆனால் நுனிக்கு ஒரு சாண் முன்னால் அவை ஓரத்துக்கு ஓடி வெளியேறின. அங்கேதான் மரம் பிரியும். அண்ணனுக்கு அது தெரியும்.

"பார்க்க எப்படி இருந்தாலும் சரிண்ணா. உடையாம இருந்தா போதும்" என்றாள், பட்டறைக்குள் எட்டிப்பார்த்த தங்கச்சி.

"நான் பொறுக்கின மரம் எது உடைஞ்சிருக்கு? சொல்லு பார்ப்போம்."

மைதானத்தில் நாலு பேர் 'யார் செஞ்சது?' என்று கேட்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. [இந்த ஆசை கற்பனையல்ல.] அலைப்பட்டையை எடுத்தான்.

3

பசை காய்ந்தபின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினான். அதே இடத்தில் ஒரு சிராய் எழும்பியிருந்தது. மயிரளவுதான். வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் "விறகில் போடு" என்றிருப்பான். உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தான். மேலே வார்னிஷ் பூசினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சிராயை வார்னிஷில் மறைக்கலாம்.

புது வில்லைச் சுவரில் மாட்டி, கயிறு கட்டி, தள்ளி நின்று இழுத்துப் பார்ப்பது முறை. அதற்குள் தங்கச்சி வந்துவிட்டாள்.

"ரொம்ப அழகா இருக்குண்ணா" என்றாள். நாணேற்றினாள். இழுத்தாள். நாண் அவள் தாடையைத் தொட்டது.*

* அந்த அண்ணன் நான்தான். இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள்.

4

முடிவுகள்:

வில் தாங்குகிறது. (தாங்கவில்லை.)

அண்ணன் இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப்போய் நேர்ப்பட்டையை எடுக்கிறான். இதை மட்டும் ஆறு முறை எழுதினேன். ஆறாவதைத் தங்கச்சியிடம் கொடுத்தேன். காகிதத்தை இடக்கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்தாள். மூன்று வருடமாக அப்படித்தான் படிக்கிறாள். வில் பிரிந்து தெறித்ததில் வலக்கண் போய்விட்டது.

"சிராயைத் தேய்ச்சது நிஜமா?"

தலையாட்டினேன். மூன்று வருடத்தில் அவள் இதை இப்போதுதான் அறிகிறாள்.

காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "அப்ப எதுக்கு மரத்தை மாத்தற?" என்றாள்.

"நேர்ப்பட்டையை எடுத்திருந்தா..."

"மரம் தப்பா எடுக்கிறது யாருக்கும் நடக்கும். நான் நாணேத்தினப்ப பக்கத்துலதானே நின்ன? ஒரு வார்த்தைண்ணா. கதையிலயாவது சொல்லேன்."

5

ஆகவே மரத்தை மாற்றவில்லை. அலைப்பட்டைதான், அதே வார்னிஷ்தான். தங்கச்சி நாணை இழுத்துப் பிடித்திருக்கிறாள். வில்லிலிருந்து 'டிக்' என்று சன்னமாக ஒரு சத்தம். அண்ணன் வாயைத் திறக்கிறான், மூன்று முறை.

"பாப்பா, அந்த வில்லு..."

"இரு இரு, நான் ஒரு..."

"இறக்கிடு, அதுல நான்..."

மூன்றும் பாதியில் நிற்கின்றன. எனக்கு வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள். மனதுக்குள் வேண்டாம், வாய்விட்டு. சீக்கிரம், வில் மறுபடியும் 'டிக்' என்கிறது.