தெரு முழுக்கக் கேட்கோணும்

"அந்த வயரைக் கொஞ்சம் தூக்குங்கக்கா, பெட்டிட காலுக்குள்ள மாட்டுது" என்றான் ஸ்பீக்கர் கட்ட வந்த பஹ்மி.

கிருபாமலர் தூக்கினாள். புருசன் பிரேதமாகக் கிடக்கிற விறாந்தையில் வயர் தூக்கிக்கொண்டு நிற்கிற பெண்சாதி கல்முனையிலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. சனம் பார்த்தால் பார்க்கட்டும். அவளுக்கு ஒப்பாரி வைக்க வரவில்லை, இதுதான் வந்தது.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அல்பேட் இந்த வீட்டை விட்டுப் போகும்போது அவருடைய கிட்டார் தெரு முழுக்கக் கேட்கவேண்டும். சனிக்கிழமை அவர் கிணற்றடியில் விழுந்தபோது அவள் சந்தையில் மீனுக்கு விலை கேட்டுக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டார் மட்டக்களப்பில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார்கள். அவர் விழுந்த சத்தம் ஒரு ஈ காக்கைக்குக்கூடக் கேட்கவில்லை. அப்படிப் போன மனிசனை இன்றைக்கும் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போவதா? அதுக்கு நான் விடமாட்டன் என்று சொல்லிவிட்டாள்.

வாசிக்கப்போகிறவன் மகன் நிலக்சன். காலையில்தான் கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தான். சின்ன வயதில் தகப்பனிடம் பழகிய ஞானப்பாட்டு ஒன்று மட்டும் அவன் விரலில் மிச்சமிருந்தது.

கல்முனைக்குடியில் சவுண்ட் சிஸ்டம் வாடகைக்கு விடுகிற பஹ்மிதான் அல்பேட் ஏறின மேடைக்கெல்லாம் ஸ்பீக்கர் கட்டினவன். வந்ததும் பிரேதப் பெட்டிக்குக் கிட்டப் போய் நின்றான். பிறகு தெருவில் இரண்டு ஸ்பீக்கரையும் உயர்த்திக் கட்டி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரோடு இணைத்தான். மைக்கும் இரண்டுதான், ஒன்று போதகருக்கு, மற்றது பாடுகிறவர்களுக்கு.

"பாட்டு முடிய அந்த மைக்கை அண்ணன்ட கிட்டார் அம்ப்புக்கு முன்னால வைப்பம் தம்பி. அவர் எப்பவும் அப்பிடித்தான் செய்வார்."

"அம்ப்பை நேரா மிக்ஸருக்குக் குடுக்கேலாதா நானா?"

"இது பழைய சாமான். நேராக் குடுக்க இதுல வழி இல்ல."

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. பஹ்மி மிக்ஸரை நிறுத்திவிட்டுத் தொப்பியை எடுத்தான். "தொழுதுட்டு ஓடி வாறன். ஒண்டுலயும் கை வெச்சிராதீங்க."

ஒருநாளும் நேரத்துக்கு வராத போதகர் இன்றைக்கென்று நேரத்தோடு வந்து நின்றார். பாண்டிருப்பில் இன்னொரு மரணமாம். கதிரையில் இருந்தவர்கள் எழும்பினார்கள். நிலக்சனுக்குப் பதற்றம் பிடித்துவிட்டது. அம்ப்பின் பின்பக்கம் குனிந்து, அதன் ஸ்பீக்கருக்குப் போகிற வயரைக் கழற்றினான். அந்த ஓட்டையில் வேறொரு வயரைச் செருகி, அதன் மற்ற முனையை மிக்ஸருக்குக் கொண்டுபோனான்.

"மகன், பஹ்மி வரட்டுமே."

"அவர் வரக்குள்ள தூக்கிருவாங்கம்மா. தெரு முழுக்கக் கேக்கோணுமெண்டது நீங்கதானே?"

அவளுக்கும் அவசரம்தான்.

அவன் எல்லாச் சுவிட்சையும் போட்டுவிட்டு ஒருமுறை தந்தியை இழுத்தான். தெருவில் 'டப்' என்று ஒரு சத்தம். மிக்ஸரின் லைற்றுகள் அணைந்தன. அம்ப்பிலிருந்து எரிந்த மணம் வந்தது, அதன் சிவப்பு லைற்றும் போனது. "கரண்ட் போயிட்டு" என்றார் யாரோ. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

தொழுகை முடிந்து ஓடிவந்த பஹ்மி குனிந்து வயரைப் பார்த்தான்.

"யா அல்லாஹ்! என்ன வேல பாத்து வெச்சிரிக்கீங்க? ஸ்பீக்கருக்குப் போற பவரையெல்லாம் மிக்ஸருக்குள்ள ஊத்தியிரிக்கீங்களே தம்பி. ரெண்டும் போச்சு!" இன்னும் ஏசத்தான் வாயெடுத்தான். நிலக்சனின் முகத்தைக் கண்டதும் நிறுத்திவிட்டான். "சரி, விடுங்க. செத்தவீட்டுல இதக் கதைக்கேலா."

போதகர் மணிக்கூட்டைப் பார்த்தார். "கிருபா, நாம ஜெபத்தோட தொடங்குவமே?"

கிருபாமலருக்கு மகனைப் பிடித்து ஒன்று போடவேண்டும் போலிருந்தது. அதற்குள் அவன், "அப்பாட அம்ப்பை எரிச்சுப்போட்டன் அம்மா" என்று சின்னப் பிள்ளையைப் போல அழுதான். அதற்குப் பிறகு எங்கே அடிப்பது?

"கொஞ்சம் பொறுங்க ஐயா" என்றாள் போதகரிடம். பிறகு மகனிடம், "வாசி."

"இது கரண்ட் கிட்டார் அம்மா. அம்ப் இல்லாட்டி ஒருத்தருக்கும் கேக்காது."

"பரவாயில்ல. வாசி."

அவன் பெட்டியின் தலைமாட்டில் கதிரையைப் போட்டு இருந்து வாசித்தான். வெறும் தந்தியின் சத்தம். பந்தலுக்குள் இருந்தவர்கள் ஒன்றும் கேட்காமல் தங்களுக்குள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வாசற்படியில் நின்ற பஹ்மி காதைக் கொடுத்துப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டான்.

கிருபாமலர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். மத்தியானங்களில் அவள் தலையிடியோடு படுத்தால் அல்பேட் அம்ப்பைப் போடமாட்டார். கட்டில் காலடியில் இருந்து இப்படித்தான் வெறும் தந்தியில் வாசிப்பார். அவள் விழித்திருப்பது தெரிந்தால் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவார். அதனால் அவள் தூங்குகிறவள் மாதிரிக் கிடந்து கேட்பாள். இந்தச் சத்தம் இந்த ஊரில் வேறு ஒருவருக்கும் தெரியாது. பக்கத்து அறையில் வளர்ந்த மகனுக்கே தெரியாது. அவனும் ஒரு கிழமையில் கொழும்புக்குப் போய்விடுவான். தனிச்சுப் போனேனே என்றிருந்தது அவளுக்கு.

படலையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "என்ன, இன்னும் தொடங்கல்லியா?"

கிருபாமலர் கண்ணை மூடிக்கொண்டு, நித்திரை கொள்கிறவள் மாதிரி அசையாமல் இருந்தாள்.