இரவல் நெஞ்சு

அந்தச் சுரங்கத்தில் அண்ணன் பூமிக்குக் கீழே, தம்பி மேலே.

அண்ணன் துளைக்காரர். நிலக்கரி வெட்டிய இடத்தில் கூரைப் பாறை ஆட்களின் தலையில் இறங்கிவிடாமல் இருக்க, அதில் துளை போட்டு இரும்புக் கம்பியை முடுக்குவது அவர் வேலை. அண்ணாந்து நின்றுதான் துளை போட முடியும். பாறைத்தூள் அத்தனையும் முகத்தில் கொட்டும். துளையில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே போட்டால் தூசி அடங்கும், அப்படித்தான் செய்ய வேண்டும் என்று சுவரில் எழுதிக்கூட ஒட்டியிருந்தார்கள். ஆனால் தண்ணீர்க் குழாய் துளை போடும் இடம்வரை வந்ததே இல்லை.

தம்பிக்கு விளக்கறையில் வேலை. இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்கையும் எண் பொறித்த பித்தளை வில்லையையும் ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுப்பான். ஏறி வருகிறவர்களிடம் திருப்பி வாங்குவான். கீழே போகிறவர்கள் அவனுக்கு 'வெள்ளைச்சட்டை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"என்னப்பா வெள்ளச்சட்ட, இன்னிக்கும் சூரியன் வந்துச்சா? நாங்க கேட்டதாச் சொல்லு" என்பார்கள், கீழே இறக்கும் கூண்டில் ஏறும்போது.

சுரங்கத்தில் வருடத்துக்கு ஒருமுறை, கீழே இறங்குகிற எல்லாருக்கும் நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள். படத்தில் நுரையீரலில் நிழல் தெரிந்தால் அந்த ஆளைக் கீழே அனுப்பக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் நிழல் விழுந்தவனுக்கு மேலே கொடுப்பது துடைப்பம் பிடிக்கிற வேலை. குவார்ட்டர்ஸையும் மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். அதனால் சுரங்கத்துக்காரர்கள் நோய்க்குப் பயப்படவில்லை, படத்துக்குத்தான் பயந்தார்கள். பயத்திலிருந்து ஒரு வழி பிறந்தது. வழிக்கு ஒரு பெயரும் பிறந்தது: இரவல் நெஞ்சு.

படம் எடுப்பது ஷிப்டு முடிந்து ஏறி வந்த கையோடு, குளிப்பதற்கு முன்னால். வரிசையில் நிற்கிற அத்தனை முகமும் கரி. கம்பவுண்டர் முகத்தைப் பார்ப்பதில்லை, வில்லையில் இருக்கிற எண்ணைப் பார்ப்பார். "கரியப் பூசிட்டா எல்லாரும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க" என்று ஆட்கள் சிரிப்பார்கள். இருமுகிறவனின் வில்லையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு இருமாத ஒருவன் போய் நிற்பான். அண்ணனும் தம்பியும் உண்மையிலேயே ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

அண்ணனுடன் துளை போட்ட ஆளுக்கு ஒரு வருடம் நிழல் விழுந்தது. அந்தக் குடும்பம் சாமான்களை வண்டியில் ஏற்றுவதை அண்ணன் வாசலில் நின்று பார்த்தார். அன்று மாலை தம்பியிடம் வந்தார்.

"இந்த ஒரு தடவை நில்லுடா. படிக்கட்டு ஏறினா எனக்கு லேசா இழுக்குது. ஒண்ணும் இருக்காது. இருந்தாலும்..."

தம்பி திரும்பி வந்த விளக்குகளில் ஒட்டியிருந்த கரியை வழித்து முகத்தில் பூசிக்கொண்டு போய் நின்றான். ஒரு தடவை என்றது பதினோரு தடவை ஆனது. ஒவ்வொரு முறையும் படம் பளிங்காக வந்தது.

"உன் நெஞ்சுல சூதுவாது எதுவுமே இல்லையாம்டா, டாக்டரே எழுதிட்டார்" என்று சொல்லி அண்ணன் சிரிப்பார். கடைசி மூன்று வருடங்களில் அந்தச் சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிடும்.

ஐம்பத்தோராம் வயதில், கூண்டிலிருந்து வெளியே வந்து நாலு அடி வைத்த அண்ணன் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த மாதமே ஓய்வு வாங்கிக்கொண்டார். வீட்டைக் காலி செய்துவிட்டு அவரும் அண்ணியும் தம்பியின் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். இரண்டே அறை. தம்பிக்கு மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். முன்னறையில் நாற்காலியைச் சுவரோடு போட்டு, முன்னால் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு அண்ணன் உட்கார்ந்தபடியே தூங்கக் கற்றுக்கொண்டார். படுத்தால் மூச்சு முட்டியது.

பதினாலு மாதம் கழித்து மருத்துவக் குழு அவரைக் கூப்பிட்டது. 'சுரங்கத் தூசியால் வந்த நோய்' என்று அவர்கள் எழுதிவிட்டால், சுரங்க ஆஸ்பத்திரியில் உயிருள்ளவரை படுக்கையும் ஆக்ஸிஜனும் உண்டு. எழுதாவிட்டால் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியேதான். குழு இரண்டாம் மாடியில் இருந்தது. தம்பி அண்ணனின் இடுப்பில் கைகொடுத்து ஏற்றினான். ஐந்து இடத்தில் நின்றார்கள்.

"மூச்சு வாங்கறவனுக்கு மாடியில ஆபீஸ் வெச்சிருக்கான் பாரு" என்றார் அண்ணன். "ஏறி வந்துட்டா... நோய் இல்லன்னு... எழுதிடலாம்."

உள்ளே மூன்று டாக்டர்கள். பெரியவருக்கு நரைத்த மீசை. அவருக்கு இடப்பக்கம் ஓர் இளம் டாக்டர். மூன்றாமவர் எழுதிக்கொண்டிருந்தார். வெளிச்சப் பலகையில் நேற்று எடுத்த படத்தை மாட்டியிருந்தார்கள். நுரையீரல் இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சுப் பொதியைக் கிழித்து அடைத்தது போலிருந்தது. அதைப் பார்த்ததும் தம்பிக்கு, பாவி மனசு, நிம்மதிதான் வந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பெரிய டாக்டர் பக்கத்திலிருந்த உறையைத் திறந்தார். பழைய படங்களை ஒவ்வொன்றாக மாட்டத் தொடங்கினார்.

பழைய படங்களை யாராவது எடுத்துப் பார்ப்பார்கள் என்று அவர்கள் இருவருக்கும் தோன்றியதே இல்லை. வேலையைக் காப்பாற்ற எடுத்த படங்கள் அவை. வேலை போனதும் படமும் போயிற்று என்றே நினைத்திருந்தார்கள்.

"பதினோரு வருஷமா சுத்தமான நெஞ்சு" என்றார் பெரிய டாக்டர். குரலில் கோபம் இல்லை. "வேலைய விட்டு பதினாலு மாசத்துல இவ்வளவு நிழலா? தூசி நோய் இப்படி வராதுங்க. இருபது வருஷம் ஊறி வரும். இது வேற ஏதோ. பழைய டிபியா இருக்கலாம். பீடி உண்டா?"

"தொட்டதில்லைங்க."

"எழுதிக்கோங்க, தொழில் நோய் அல்லன்னு."

மூன்றாமவர் பேனாவைத் தாளில் வைத்தார். தம்பியின் வாய் அவனைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"ஐயா, அந்தப் பதினோரு படமும் என் நெஞ்சுங்க."

பேனா நின்றது.

"நான்தான் அண்ணன் பேர்ல நின்னேன். எல்லா வருஷமும். சந்தேகம்னா எடது பக்கம் ஏழாவது விலா எலும்பப் பாருங்க. சின்ன வயசுல மதில்லேர்ந்து விழுந்து ஒடிஞ்சது, ஒட்டின எடம் மேடா இருக்கும். அண்ணன் படத்துல அது இருக்காது."

இளம் டாக்டர் எழுந்து போனார். பழைய படத்தில் எலும்புகளை விரலால் எண்ணினார். ஏழில் விரல் நின்றது. புதிய படத்திலும் எண்ணினார். "சார்..." என்றார்.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். தம்பியைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்துத்தான் பேசினார்.

"நீங்க சொல்றதத்தான் நான் எழுதப்போறேன். அதனால யோசிச்சு சொல்லுங்க. இது உங்க தம்பி நெஞ்சுன்னா, இன்னிக்கு சாயங்காலமே அவருக்கு வேலை இல்ல, வீடு இல்ல. ரெண்டு பேர் மேலயும் கேஸ். அது முடிஞ்ச பிறகுதான் உங்க நோயப் பத்திப் புது விசாரணை. ரெண்டு வருஷம் ஆகும். நெஞ்சத் தொட்டு சொல்லுங்க, இது யாரு நெஞ்சு?"

அண்ணன் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். எழுந்த களைப்பில் தோள் ஏறி ஏறி இறங்கியது. தம்பி "அண்ணே" என்று கையைப் பிடித்தான். அதை உதறிவிட்டு, மார்பின் மேல் கையை வைத்தார்.

"என் நெஞ்சுதாங்க. அவன்... சின்ன வயசுலேர்ந்தே... பாசத்துல... உளறுவான்."

"எலும்பு?"

"எனக்குந்தான்... ஒடஞ்சுது. ஒட்டிப் போச்சு."

இளம் டாக்டர் படத்துக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். பெரியவர் கையை நீட்டி வெளிச்சப் பலகையின் சுவிட்சை அணைத்தார். நெஞ்சுகள் எல்லாம் ஒன்றுபோல் கறுத்தன.

இறங்கும்போது இரண்டாவது திருப்பத்தில் அண்ணன் படியில் உட்கார்ந்தார். தம்பி அழுதுகொண்டிருந்தான்.

"ஏண்ணே? அந்தச் சின்ன டாக்டரே பாத்துட்டாரே, விரல வெச்சுட்டாரே."

"ரெண்டு வருஷம்னான்ல." மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "எங்கிட்ட ஏதுடா... ரெண்டு வருஷம்? ரெண்டு பொட்டப் புள்ளைங்களோட... உங்க அண்ணியையும் கூட்டிக்கிட்டு... எங்க நிப்ப?"

"நான் நிக்காம இருந்திருக்கணும். மொத வருஷமே நிழல் தெரிஞ்சிருக்கும். துடைப்பத்தப் பிடிச்சிருந்தாலும் உசுரோட..."

"போதும்டா. அத... நான் கணக்குப் பாத்து முடிச்சுட்டேன். நீ ஆரம்பிக்காத."

அதன்பின் அண்ணன் நாற்பத்து மூன்று நாள் இருந்தார். மருந்துக்கடைக்காரர் ஒரு ஆக்ஸிஜன் உருளையை இரண்டு முறை தந்தார், மூன்றாவது முறை கிடைக்கவில்லை. அண்ணி முறத்தால் விசிறிக்கொண்டே இருப்பாள். காற்று இல்லாமல் அல்ல, காற்றை வாங்க இடமில்லாமல்தான் தன் புருஷன் தவிக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கை நிற்காது. கடைசி வாரம் அவர் பேசுவதை விட்டுவிட்டார். பேச்சுக்குச் செலவழிக்க மூச்சு இல்லை. தலையணையில் நெற்றியைக் கவிழ்த்துத் தோளைத் தூக்கித் தூக்கி இழுப்பார். ஒரு காலையில், பெண்கள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, தோள் ஏறியது, இறங்கவில்லை. சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் ஒரு ஆள் வந்தார். அண்ணனுக்குப் பிறகு அதே இடத்தில் துளை போடுகிறவர். முப்பத்தைந்து வயது இருக்கும். துக்கம் விசாரித்தார், தண்ணீர் குடித்தார், எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். அண்ணி உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"கேக்கற நேரம் இல்லதான். தப்பா நெனைக்காதீங்க. வர்ற வியாழக்கிழம படம். எனக்குக் கொஞ்ச நாளா இழுக்குது. நீங்க அண்ணனுக்கு நின்னீங்கன்னு..."

தம்பி அவரை நிமிர்ந்து பார்த்தான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். வெளிச்சப் பலகை, பதினோரு படம், ஏழாவது எலும்பு, நாற்பத்து மூன்று நாள். "நீங்களே போய் நில்லுங்க. நிழல் இருந்தா இருக்குன்னு எழுதட்டும். உங்களுக்குன்னு ஒரு படமாச்சும் இருக்கும்."

"எழுதினா மறுநாளே கையில துடைப்பத்தக் கொடுத்துடுவான். போன மாசந்தான் பையன் பொறந்திருக்கான். வீடு?"

தம்பி காலி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தான்.

"அண்ணனுக்குன்னா நெஞ்சு, ஊரானுக்குன்னா உபதேசம்" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் எழுந்து போனார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை கழிந்தது. திங்கட்கிழமை, கீழே இறங்கத் தகுதியானவர்களின் பட்டியல் விளக்கறைக்கு வந்தது. அந்த ஆளின் எண் அதில் இருந்தது. யாருடைய நெஞ்சோ. ஷிப்டு மணி அடித்ததும் வரிசை நகர்ந்து, அவர் ஜன்னலுக்கு வந்தார். கையை மட்டும் நீட்டினார், முகத்தைப் பார்க்கவில்லை. தம்பி வில்லையை எடுத்தான். விளக்கை எடுத்து, எரிகிறதா என்று ஒருமுறை போட்டுப் பார்த்தான். எரிந்தது. கொடுத்தான். அடுத்த ஆள் வந்தார்.