சம்பந்தியும் ஒரு பன்னும்

கடைசி ரொட்டித் தட்டை வேனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தவள், வழக்கம்போல, "சம்பந்தி என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள். அவள் புருஷன், ரொட்டிக்காரர், டிரைவர் சீட்டில் இருந்தார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சுருள் வயரில் தொங்கும் கறுப்புக் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு எரிந்தது.

சம்பந்தி என்பது கோர்ட்டு உத்தரவில் வந்த உறவு. அதன் குழாயில் ஊதினால்தான் வண்டி கிளம்பும். மூச்சில் சாராயம் இருந்தால் கிளம்பாது. ஓடிக்கொண்டிருக்கும்போதும் நடுநடுவே கூப்பிட்டு ஊதச் சொல்லும். நடந்ததையெல்லாம் ஞாபகம் வைத்திருந்து மாதாமாதம் அதிகாரியிடம் ஒப்பிக்கும். மரியாதை கொஞ்சம் குறைந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், எதிர்த்துப் பேச முடியாது, வீட்டு விஷயத்தை வெளியே கொண்டுபோகும். இதற்கு வேறென்ன பெயர் வைக்க? பிள்ளைகுட்டி இல்லாத வீட்டுக்குக் கல்யாணச் செலவே இல்லாமல் ஒரு சம்பந்தி வந்துவிட்டார் என்று, கருவியைப் பொருத்த வந்த மெக்கானிக்கிடமே அவள் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, சிரிப்பு அடங்கியதும் விஷயத்தைச் சொன்னார்.

"ஒரு தடவ சிவப்பு வந்தா பயப்படாதீங்கம்மா. வாயக் கொப்பளிச்சுட்டு, கால் மணி நேரம் பொறுத்து ஊதச் சொல்லும். வாயில ஒட்டினது அதுக்குள்ள போயிடும், வயித்துக்குள்ள போனது போகாது. அதுலயும் சிவப்பு வந்தா லைசென்ஸ் போயிடும். ஜட்ஜ் நிறுத்தி வச்சிருக்கிற ஜெயிலும் திரும்பி வந்துடும். சார் ஊதினா என்ன, நீங்க ஊதினா என்ன, அதுக்கு எல்லாம் ஒண்ணுதான். பழி சார் தலையில."

இத்தனை மாதத்தில் சிவப்பு எரிந்ததே இல்லை. இன்றுதான் எரிகிறது.

"என்ன சாப்பிட்டீங்க?" என்றாள்.

"பன்னு."

"பன்னா?"

"புது மாவுல போட்டது. ரெண்டு நாளாப் புளிக்க வச்சிருந்தேன்ல, அது. எப்படி வந்திருக்குன்னு பாக்கலாம்னு ஒண்ண எடுத்தேன். வாயில இருக்கும்போதே நெனப்பில்லாம ஊதிட்டேன்."

"பன்னு தின்னு போதை ஏறின மொத ஆளு நீங்கதான்."

வேடிக்கையாகச் சொல்லத்தான் நினைத்தாள். குரல் வேறு மாதிரி வந்தது.

குறை சொல்லக் கூடாது, குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் சொல்லாத காரணம் கிடையாது. இருமல் மருந்து என்பார். பல்வலிக்கு டாக்டர் தடவச் சொன்னது என்பார். யாரோ கொட்டியது சட்டையில் தெறித்துவிட்டது என்பார். குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்பார்கள். இவர்கள் தொழிலே விடிவதற்கு முன் முடிகிற தொழில், அதனால் அவர் கொடுத்த வாக்குகளுக்கு ஆயுள் அதைவிடவும் குறைவு. பொய்யென்று தெரிந்தும் தலையாட்டித் தலையாட்டி அவளுக்குக் கழுத்துதான் வலித்தது. பன் மட்டும்தான் அந்தப் பட்டியலில் இல்லாமல் இருந்தது. இப்போது அதுவும் வந்துவிட்டதா?

அந்தக் காலத்தில்தான் ஒருநாள் சாயங்காலம் பெரிய ஆஸ்பத்திரி கேன்டீனின் ரொட்டி ஆர்டர் கிடைத்தது. மாவு மண்டிக்காரரோடு உட்கார்ந்து அதைக் கொண்டாடிவிட்டு, "ரெண்டே ரெண்டு, ஸ்டெடியாத்தான் இருக்கேன்" என்று போனில் அவளிடம் சொல்லிவிட்டு வேனை எடுத்தார். பூக்கடைத் தெருவின் வளைவில் வண்டி வளையவில்லை. நடைபாதையில் ஏறி, கடைக்கு வெளியே கிடந்த மர ஸ்டூலைச் சுவரோடு சுவராக நசுக்கிவிட்டு நின்றது. அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பூங்கொத்து கட்டிக்கொண்டிருந்த அம்மா, உள்ளே போன் அடிக்கிறது என்று அப்போதுதான் எழுந்து போயிருந்தார்.

கோர்ட்டில் அந்த ஸ்டூலை மேஜைமேல் வைத்திருந்தார்கள். ஸ்டூல் என்று சொன்னால்தான் தெரியும், அப்படி ஆகியிருந்தது. ஜட்ஜ் அம்மா சத்தம் போடவில்லை. "அந்த போன் வரலைன்னா இந்த மேஜைமேல வைக்க முடியாததைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்திருப்போம். வீட்டுக்குப் போய் ரெண்டு பேரும் அதை யோசிங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு தண்டனையைப் படித்தார். அபராதம், அரை வருஷம் வண்டியைத் தொடக் கூடாது, அதன்பிறகும் கருவியோடுதான் ஓட்ட வேண்டும், மறுபடி குடித்து ஓட்டினால் ஜெயில். அரை வருஷம் இருவரும் தள்ளுவண்டியில் ரொட்டி விற்றார்கள். எட்டாத தூரத்து வாடிக்கையெல்லாம் போயிற்று. ஆஸ்பத்திரி கேன்டீன் மட்டும் பெரிய மனசு பண்ணிக் காத்திருந்தது.

அவர் குடியை விட்டது அந்தத் தண்டனையாலா, ஸ்டூலாலா என்று அவள் கேட்டதில்லை. கேட்டுக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டாள். விட்டது நிஜம். மாவு பிசையும்போது சீட்டியடிக்கிறார். பகலில் சாப்பிட்டுவிட்டுக் குழந்தைபோலத் தூங்குகிறார். கண்ணாடியில் பார்த்தால் அவளுக்கே கன்னத்தில் சதை போட்டிருக்கிறது. சந்தோஷமாக இருக்கிறாள், அதைச் சொல்ல என்ன வெட்கம்? ஆனால் சூடு கண்ட பூனை. அவர் உள்ளே வந்ததும் துவைக்கப் போடுகிற சாக்கில் சட்டையை வாங்கி முகர்ந்துவிட்டுத்தான் கூடையில் போடுவாள். துணைக்கு வருகிறேன் என்று தினமும் வேனில் ஏறிக்கொள்வாள். ஏறியதும் கதவுக்கு மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடிப்பாள், கேன்டீன் வாசலில் இறங்கும்போதுதான் விடுவாள். அவருக்கு இரண்டும் தெரியும். ஒருநாளும் அவர் வாயைத் திறந்ததில்லை.

இப்போது திறந்தார். "நீ நம்பல."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லலன்னாதான் எனக்கு பயமா இருக்கு."

டேஷ்போர்டின்மேல் துணியில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்து அவள் மடியில் வைத்தார். சூடு புடவையைத் தாண்டித் தொடையில் பட்டது. "உனக்குன்னு எடுத்து வச்சேன். இதத் தின்னுட்டு நீ ஊது. உனக்கும் சிவப்பு வரும் பாரு. அப்பவாவது நம்புவ."

"வந்தா ரெண்டாவது சிவப்புங்க."

"தெரியும்."

"ஜெயிலு."

"தெரியும்னு சொல்றேன்ல."

அவள் குழாயைக் கையில் வாங்கினாள். அவர் அதைத் தடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நேராகக் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். இந்த மனுஷன் எதற்குத் துணிந்துவிட்டார் என்று நினைத்தாள். அவளுக்குள்ளேயே இன்னொரு குரலும் இருந்தது. நீ ஊத மாட்டாய் என்று தெரிந்துதான் நீட்டுகிறார், இதுவும் இருமல் மருந்து மாதிரி ஒரு வித்தைதான் என்றது.

குழாயைத் தொங்கவிட்டாள். "இப்படித் திரும்புங்க" என்றாள்.

திரும்பினார். அவள் அவர் முகத்துக்குப் பக்கத்தில் போய் நன்றாக முகர்ந்தாள். சட்டை சாக்கெல்லாம் இல்லை, நேருக்கு நேராக. அவர் டாக்டரிடம் காட்டுகிறவர்போல வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டார். மாவு வாடை, அடுப்பு வாடை, அதற்குக் கீழே புளித்த ஒரு வாடை. மாவும் புளித்தால் அப்படித்தான் வாடை அடிக்கும். பனைமரத்தடியில் நின்று பால் குடித்த கதைதான். இத்தனை வருஷம் நம்பியிருந்த மூக்கு இன்றைக்குக் கைவிட்டுவிட்டது.

"ஒண்ணும் தெரியல" என்றாள் நிஜமாகவே.

"வாய மூடிக்கலாமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபோதும் பயம் அப்படியே இருந்தது. ஆனால் ஊதப் போவதில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாக இருந்தது. நிரூபித்துக் காட்டச் சொல்லி அவரை உள்ளே அனுப்பிவிட்டு, உண்மை தெரிந்த சந்தோஷத்தை வைத்துக்கொண்டு அவள் தனியாக என்ன செய்வாள்? தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினாள். "வாங்க, கொப்பளிங்க."

அவர் குனிந்து கொப்பளித்தார். அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். பாட்டில் காலியானதும் உள்ளே போய் இன்னொரு பாட்டில் கொண்டுவந்தாள். எதிர்வீட்டுச் சன்னலில் விளக்கு எரிந்தது. வானம் வெளுத்தது. கேன்டீனுக்குப் போன் செய்து, வண்டி கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது, இதோ வந்துவிடுகிறோம் என்றாள். அந்த வீட்டில் அன்றைக்குச் சொல்லப்பட்ட பொய் அது ஒன்றுதான்.

கருவி கூப்பிட்டது. அவர் குழாயை வாயில் வைத்தார். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். நீளமாக ஒரு மூச்சு. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு என்ஜின் உறுமியது.

கண்ணைத் திறந்தபோது பச்சை எரிந்துகொண்டிருந்தது. அவர் அவளைப் பார்த்து, சொன்னேன் பார்த்தாயா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சம்பந்தி சமாதானமாயிட்டாங்க" என்றார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நிம்மதியும் வெட்கமும் கலந்து வந்ததில் எது எதுவென்று பிரிக்கத் தெரியவில்லை.

"லேட்டாயிடுச்சு. சுத்திப் போனா டிபன் நேரம் தாண்டிடும்." கொஞ்சம் தயங்கினார். "அந்தத் தெரு வழியாப் போகட்டுமா?"

வண்டி கைக்கு வந்ததிலிருந்து பூக்கடைத் தெருவை அவர் சுற்றிக்கொண்டுதான் போகிறார். அவளும் ஏனென்று கேட்டதில்லை.

"போங்க" என்றாள்.

தெருமுனையிலிருந்தே கடை தெரிந்தது. வாளிகளில் பூக்களை வைத்து வாசலில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அந்த அம்மா வெளியேதான் உட்கார்ந்திருந்தார். புது ஸ்டூல், இரும்பு. ரொட்டிப் படம் போட்ட வேனைப் பார்த்ததும் மடியில் இருந்த பூவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். ஒரு கையால் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் ஒதுங்கினார்.

ரொட்டிக்காரர் நாலு கடை தள்ளியே வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். முன்னால் போகவும் இல்லை, ஹாரன் அடிக்கவும் இல்லை. அந்த அம்மா நின்றார். இவர்களும் நின்றார்கள். என்ன செய்வதென்று மூன்று பேருக்கும் தெரியாத அந்த நேரம் பார்த்துத்தான் சம்பந்தி கீச்சென்று கத்தினார்.

"இப்பவா?" என்றாள்.

"கூப்பிட்டா போகணும்ல." அவர் குழாயை எடுத்து, பீப்பி ஊதும் பையன்போலக் கன்னம் உப்ப ஊதினார். முகம் சிவந்தது. கண்ணாடிக்கு வெளியே பூக்கடை அம்மா தலையைச் சாய்த்து, இது என்ன கூத்து என்பதுபோலப் பார்த்தார். பச்சை எரிந்தது. அவர் குழாயைத் தொங்கவிட்டு, இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, மறுபடி காத்திருந்தார்.

பூக்கடை அம்மா ஸ்டூலை மறுபடி போட்டார். முன்பிருந்த இடத்தில் இல்லை, கொஞ்சம் உள்ளே தள்ளி. அதில் மெல்ல உட்கார்ந்தார்.

சைக்கிள் முந்திவிடும் வேகத்தில் வேன் கடையைக் கடந்தது. அவ்வளவு பக்கத்தில் அந்த அம்மாவின் கை தெரிந்தது. ஸ்டூலின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தார், விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. உட்கார்ந்துதான் இருந்தார், ஆனால் பாதி எழுந்தவர்போல. அப்படி உட்காருவது எப்படி என்று வேனுக்குள் இருந்தவளுக்கு நன்றாகத் தெரியும்.

தெரு தாண்டியதும் அவர் மூச்சு விட்டார். "அந்தப் பன்னத் தின்னு. ஆறிடப் போவுது."

"உங்களுக்கு?"

"ஐயோ சாமி, எனக்கு வேணாம். நீ தின்னுட்டு எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லு."

அவள் துணியைப் பிரித்தாள். ஒரு கையாலேயே பிய்க்கப் பார்த்தாள். மேல்தோல் நல்ல முறுகலாக இருந்ததில் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வளைவு வந்தது, வண்டி திரும்பத் தொடங்கியது. அவள் கைப்பிடியை விட்டாள். இரண்டு கைகளாலும் பன்னைப் பிடித்துப் பிய்த்தாள். உள்ளே இன்னும் சூடு இருந்தது. ஆவி எழும்பி முன்கண்ணாடியில் கொஞ்சம் படிந்தது.